மணல்மேட்டுத் துரை

திருஞானசம்பந்தம் பிள்ளைக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. கல்யாணமான புதிதிலேயே கோமு இதைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுவீட்டுக்குப் போன இடத்தில் ஒரு தூரத்து மாமா, "மாப்ளே, அந்தக் குடையை இப்படித் தாருமே" என்று கேட்டார். சித்திரை வெயிலில் வெறுந்தலையாக நடந்து வந்தார் மாப்பிள்ளை. அந்த மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. குடையோடு போனாரா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அதனால்தான், டில்லியில் தர்பார் நடந்ததற்கு அடுத்த கோடையில், தாமிரபரணி மணலில் கோமு துரையாக உட்கார வேண்டிவந்தது.

பிள்ளை திருநெல்வேலி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். வாரக் கடைசியில் மருதங்குறிச்சிக்கு வருவார். கோமு தன் அப்பாவுக்கு ஒரே மகள் என்பதால் வீடு, வயல், வாழைத்தோட்டம் எல்லாம் அவள் வழி. ஊருக்கு அவள் 'மேலவீட்டம்மா'. எத்தனையோ பையன்களுக்குக் கணக்கும் இலக்கணமும் ஏற்றிவிட்ட பிறகும் பிள்ளை ஊருக்கு 'மேலவீட்டு மாப்ள'தான்.

கோடை விடுமுறை விட்டதும் பிள்ளை ஒரு யோசனையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பையன்களையும் தன்னிடம் படிக்கிற பையன்களையும் சேர்த்து, ஜமாபந்தி வரைக்கும் ஆற்றங்கரையில் வைத்துப் பேசக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம்.

"பேசவா?" என்றாள் கோமு. "பொறந்ததுலேருந்து பேசிக்கிட்டுத்தான திரியுதானுவ? வாய மூடச் சொல்லிக்குடுத்தியன்னா ஊருக்குப் புண்ணியமாப் போகும்."

"அது வாய்ப்பேச்சு கோமு. இது சபைப்பேச்சு. எதிராளி சொல்லுதத முழுசாக் கேக்கணும். அவன் நியாயத்த அவனவிட நல்லாச் சொல்லிக் காட்டணும். பொறவுதான் நம்ம நியாயம். ஜமாபந்தியில நம்ம சனம் என்ன செய்யுது? வருசத்துக்கு ஒருதரம் பெரிய அதிகாரி வந்து உக்காந்து ஊர்க்கணக்கப் பாத்து, மனுவும் வாங்குதாரு. 'எல்லாம் சவுக்கியந்தானே?'ங்காரு. 'ஆமா எசமான்'ங்குது சனம். அவரு எந்திரிச்சுப் போயிருதாரு. பொறவு வருசம் பூரா மடத்துல உக்காந்து பொலம்புது."

"சரி, சோறு யாரு போடுதது?"

பிள்ளை மேலே பார்த்தார். ஓடு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் முடியாத காரியம் என்று இருவருக்கும் தெரியும். மேலத்தெருப் பையனும், கீழக்குடிப் பையனும், பேட்டையிலிருந்து வரும் மரைக்காயர் வீட்டுப் பையனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டால் ஊர் இரண்டாகும். ஆற்று மணலுக்கு அந்தத் தொல்லை இல்லை. எவன் எங்கே உட்கார்ந்தான் என்பதைக் காற்று வந்து அழித்துவிட்டுப் போய்விடும். மருதமரத்து அடியில், மணல் மேடு கட்டிய இடத்தில் சபை கூடியது. இராத்திரி பையன்கள் படுக்க வண்டிக் கொட்டகை. சாப்பாடு ஒரு நாள் கூட்டாஞ்சோறு, ஒரு நாள் சொதி, கோமுவுக்குக் கோபம் வந்த நாளில் பழையதும் துவையலும்.

முதல் வாரத்திலேயே ஏட்டையா வந்துவிட்டார். போன ஆனியில் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரை மேல் வெடித்த வெடிக்குப் பிறகு, ஜில்லாவில் நாலு பையன்கள் ஒன்றாக உட்கார்ந்து சுண்டல் தின்றாலும் போலீஸ் எட்டிப் பார்க்கும். அவர் வந்த நேரம், மேலத்தெரு விவசாயி மகன் தளவாய் எழுந்து நின்று, காப்பி குடிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று முழங்கிக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்ததும், பேட்டை அசன் மைதீன் எழுந்து தளவாய் சொன்னதையெல்லாம் இன்னும் அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, காப்பியின் பக்கம் பேசினான். ஏட்டையா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு பேரு சொல்லுததும் சரிதாம் வே," என்றார் பிள்ளையிடம். "எங்க வீட்டுலயும் காலையில அது இல்லன்னா தலவலிங்கா. இதுல சர்க்காருக்கு விரோதமா ஒண்ணுமில்ல. நடத்தும்."

காப்பி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. மனுக் கொடுக்கிற ஒத்திகையில்தான் வண்டி குடைசாய்ந்தது. பிள்ளை துரையாக உட்கார்ந்தார். பையன்கள் ஒவ்வொருவராக மனுவோடு வந்தார்கள். முதல் பையன் வாயைத் திறந்ததும், "சரி, உத்தரவு" என்றார். இரண்டாவது பையன் வாயைத் திறக்கவே இல்லை, அவனுக்கும் உத்தரவு.

சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கோமுவுக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிங்க. இப்படி ஒரு தொர இருந்தா சர்க்காரு கஜானா ஒரு நாள் தாங்காது. நான் உக்காருதேன்."

மருதமரத்து வேர் ஒன்று நாற்காலி உயரத்துக்குத் திமிறி நின்றது. பிள்ளையின் கறுப்புக் கோட்டைச் சேலைக்கு மேலே தோளில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். வெற்றிலையை மடித்தாள்.

"துரை வெத்தல போடுவாரா பெரியம்மா?" என்றான் அசன் மைதீன்.

"இந்தத் தொர போடும். மனு என்னலே?"

முன்னால் வந்து நின்றவன் சொரிமுத்து. கீழக்குடிக்காரன், பதினாறு வயசு. அவன் அம்மா இசக்கித்தாய் கோமுவின் வாழைத்தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறாள். கீழக்குடி வேதக்கோயில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மற்றப் பையன்களோடு பேசினால் சலங்கை கட்டிய மாதிரிப் பேச்சு. ஆனால் பெரிய மனுஷர் யாரும் எதிரே இருக்கக் கூடாது.

"எங்க ஊருக்கு வாற பாதை பூரா முள்ளு, தொர."

"நல்ல செருப்பு போட்டு நடந்தா முள்ளு குத்தாதுல்லா?"

"ஆமா எசமான்."

"அப்பப் பாத நல்லாத்தான் இருக்கு?"

"ஆமா எசமான்."

"போயிட்டு வா."

"உத்தரவு எசமான்," என்று பின்னாலேயே நடந்துபோய் மணலில் விழுந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்து வந்த பையன்களும் அதே குழியில்தான் விழுந்தார்கள். தளவாய் தன் சொந்த வயலையே துரைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். நம்ம பக்கத்து ஆட்களுக்கு உள்ள நோய் இது. உசந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, கேள்வியின் வாலில் ஒரு 'தானே'யைச் சேர்த்துவிட்டால் போதும், நாக்கு நம்மைக் கேட்காமலே ஒரு 'ஆமா'வைப் போட்டுக் கும்பிட்டுவிடும். கோமுவுக்கும் அது தெரியும். பட்டா மாற்றின அன்றைக்குத் தாசில்தார் "எல்லாம் சம்மதந்தானம்மா?" என்று கேட்டதற்கு அவளும் ஆமா போட்டவள்தான். எதற்குச் சம்மதித்தோம் என்பது இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை.

மருந்தையும் அவளே கண்டுபிடித்தாள். காலையில் குளித்ததும் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்று, "அப்படி இல்ல எசமான்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். முதல் நாள் எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எது இல்லவே?" என்று பதிலுக்குக் கத்தினார்.

நாள் போகப் போகப் பையன்கள் தேறினார்கள். கோமுவும் தேறினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கும்போதே மறுநாள் பையன்களை எப்படி மடக்கலாம் என்று யோசித்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவர்கள் மடங்காமல் நிமிர்ந்தால் ஒரு கரண்டி கூடவே விழுந்தது. மகள் சண்முகசுந்தரி, "அம்மைக்குத் தொர பிடிச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாள். அவளுக்கு ஆவணியில் கல்யாணம், அந்தத் துணிச்சல்.

ஜமாபந்தி நெருங்கிவந்தது. நிஜமாகவே கொடுக்கப்போகிற மனு எது என்று முடிவு செய்ய வேண்டிய நாள். ஊருக்குத் தபால் பெட்டி வேண்டும் என்றான் ஒருவன். பாதையில் முள் வெட்ட வேண்டும் என்றான் இன்னொருவன். அப்போது அசன் மைதீன் கையைத் தூக்கினான்.

"ஒரு சந்தேகம், தொர. நான் தெனமும் கால்வாயிலதான் கால் கழுவுதேன். தண்ணி வருது. கீழக்குடி ஊருணியில சொட்டுத் தண்ணி இல்லன்னு சொரிமுத்து சொல்லுதான். கால்வாய் அங்கனதான போய் முடியுது? நடுவுல தண்ணி எங்க போகுது?"

வெளியூர்ப் பையன், வெள்ளையாகக் கேட்டுவிட்டான். தளவாய் தன் கால் பெருவிரலை முதல்தடவையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். சொரிமுத்து மணலைக் கையில் அள்ளி மெதுவாக விட்டான்.

கோடையில் கால்வாயை அடைத்து மராமத்துப் பார்ப்பார்கள். குடிதண்ணீருக்கென்று மட்டும் ஒரு மெல்லிய ஓட்டம் விட்டிருப்பார்கள். அது கடைசியில் இருக்கும் கீழக்குடி ஊருணி வரைக்கும் போக வேண்டும். கோமுவின் அப்பா தன் காலத்தில் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன மடை வைத்தார். அந்த ஓட்டத்தில் முக்கால்வாசி அதன்வழியாக வாழைக்குள் திரும்பியது; மிச்சத்தை வழியிலேயே மண் குடித்துவிட்டது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்காததால் வழக்கம் ஆயிற்று. கோமுவுக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல. அதை யாராவது ஒரு கேள்வியாகக் கேட்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. இந்த வருஷம் வாழை குலை தள்ளுகிற பருவத்தில் நின்றது. கல்யாணச் செலவு முழுக்க அந்தத் தோட்டத்தில்தான் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

"சோறு ஆறிப்போகும், எந்திரிங்க" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. தோளில் கோட்டு கனத்தது.

"தொர கேக்கேன்," என்றாள். "தண்ணி எங்க போகுது?"

சொரிமுத்து எழுந்தான். "மேலவீட்டு மடையில போகுது, தொர."

"எந்த மேலவீடு?" என்று கேட்டார் பிள்ளை. தன் இலையில் விழும் வாழைக்காய்க்கு எங்கிருந்து தண்ணீர் பாய்கிறது என்று தெரியாத மனுஷர் அந்த மணலில் அவர் ஒருவர்தான்.

"நம்ம வீடுதான்," என்றாள் கோமு, திரும்பாமல். "ஏலே, அந்த வீட்டம்மாட்ட போய்க் கேட்டியளா?"

"கேக்கல தொர."

"ஏன்?"

"அவுக வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு எப்படிக் கேக்க?"

"தொரட்ட மட்டும் நாக்கு நீளுதோ?"

"தொர வீட்டுல நாங்க சாப்பிடல."

யாரோ களுக்கென்று சிரித்து, சிரித்த வாயைப் பொத்திக்கொண்டான். கோமு சிரிக்கவில்லை.

"ஒங்கம்மைக்கு வேல குடுக்கது யாரு? அந்தத் தோட்டம் தான? வாழை காஞ்சா ஒங்கம்மைக்கு வேல ஏதுலே?"

சொரிமுத்து, பிள்ளை சொல்லிக்கொடுத்த முறைப்படியே தொடங்கினான்.

"தொர சொல்லுதது நெசம். அதுக்கு மேலயும் உண்டு. அந்த வீட்டுல ஆவணியில கல்யாணம். வாழை குலை தள்ளப்போகுது. இப்பத் தண்ணிய நிறுத்தினா ஒரு வருசப் பாடு மண்ணாப்போகும். மடைய அந்தம்மா வெட்டல, அவுக அப்பா வெட்டுனது. ஒத்தப் பொம்பளையா நின்னு இந்தத் தோட்டத்தக் காப்பாத்துதாவ. எங்க ஆளுக இத்தன காலமா வாயத் தொறந்து கேக்கல, அது எங்க தப்பு. இது அம்புட்டும் அவுக பக்கத்து நியாயம்."

கோமுவின் பக்கத்து நியாயத்தை இத்தனை முழுசாக அவள் வீட்டில் யாரும் எந்நாளும் சொன்னதில்லை.

"ஆனா தொர, வாழைக்கு வேற வழி உண்டு. தோட்டத்துக்குள்ளயே தூந்துபோன கெணறு கெடக்கு. ஊருணிக்கு வேற வழி கெடையாது. எங்கம்ம கோழி கூப்பிட எந்திரிச்சு, ஊருணித் தரையில தோண்டுன ஊத்துல செரட்டையால கோரிக் கோரி ஒரு கொடம் நெறைக்கா. அதுக்குள்ள வெயில் ஏறிருது. பொறவு அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வாறா. நேரங்கழிச்சு வந்தான்னு அந்த வீட்டம்மா ஏசுதாவ."

நேற்றுக்கூட ஏசியிருந்தாள். 'மகாராணி இப்பத்தான் பல்லக்குலேருந்து எறங்குதாளோ' என்று. இசக்கித்தாய் பதிலுக்குச் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

கோமு வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "நேர்ல பாக்காம உத்தரவு கெடையாது. கச்சேரி கலைஞ்சிது."

அன்றைக்குச் சாயந்தரம் பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றார். நின்ற நிலையே நன்றாக இல்லை.

"கோமு, நான் யோசிச்சுப் பாத்தேன். இந்த வருசம் தபால் பெட்டி கேட்டா என்ன? ஊருக்கு ரொம்ப அவசியம்."

"ஒங்களுக்கு யாரு கடுதாசி போடுதா?"

"அதுக்கில்ல. சம்பந்தி வீட்டுல தோட்டத்தப் பாத்துத்தான சம்மதிச்சாவ. இப்பப் போய் மடைய அடைச்சா, கல்யாணத்துக்குள்ள என்ன பேச்சு வருமோ."

"பயமா?"

"பயமில்ல. ஒரு யோசன."

கோமு கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எதிராளி நியாயத்த மொதல்ல சொல்லணும்னு இந்தப் பயலுவளுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்க. நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கிய. எனக்கே மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. இப்ப நீங்களே பின்வாங்குனா அவனுவ மொகத்துல நான் எப்படி முழிக்க?"

"நீ துரை தான, நீ எப்படியும் முழிக்கலாம்," என்றார் பிள்ளை, சிரிக்க முயன்று. பிறகு, "மறுக்க எனக்கு வராது கோமு. ஒனக்குத் தெரியும்லா?" என்றார். அதில் கேலி இல்லை.

மறுநாள் பொழுது விடிகிற நேரம் கோமு கீழக்குடிக்கு நடந்தாள். பிறந்து வளர்ந்த ஊர்தான், கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அந்த ஊருணிக் கரையில் அவள் கால் பட்டதில்லை. ஊருணி வெடித்துக் கிடந்தது. நடுவே ஆளுயரக் குழி. சுற்றிலும் குடங்கள் வரிசையில் இருந்தன, பெண்கள் குடத்தைவிடப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். குழிக்குள் இசக்கித்தாய்.

"தாயி! நீங்க எங்க இங்கன?" என்று நிமிர்ந்தாள்.

"சும்மாத்தான். நவுரு, நான் எறங்குதேன்."

குழிக்குள் யார் இறங்கினால் யாருக்குத் தீட்டு என்று அங்கே இருந்த ஒருவருக்கும் சட்டென்று விளங்கவில்லை. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கோமு இறங்கிவிட்டாள். சிரட்டையை வாங்கிக் கோரினாள். சேறுதான் வந்தது.

"பையக் கோருங்க தாயி. வெரசாக் கோருனா கலங்கிரும். ஒரு செரட்ட எடுத்துட்டு, ஒரு கத பேசணும். பொறவு அடுத்த செரட்ட."

"என்ன கத பேசுவிய?"

இசக்கித்தாய் கொஞ்சம் யோசித்தாள். "வேலைக்குப் போற எடத்துல இன்னைக்கு என்ன ஏச்சு கெடைக்கும்னு பேசுவோம்."

மேலே பெண்கள் சிரித்தார்கள். கோமுவும் சிரித்தாள். பிறகு வெகுநேரம் தலை நிமிராமல் கோரினாள். குடம் பாதி நிறைவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

அன்று மணல்மேட்டில் துரை கோட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. நின்றபடியே உத்தரவு ஆயிற்று.

"மனு நியாயம். மடைய அடைக்கணும். மம்பட்டிய எடுங்கலே."

கால்வாய்க் கரையில் முதல் வெட்டு மண்ணை அவளே வெட்டிப் போட்டாள். மடை மூடிக்கொண்டதும் தண்ணீர் ஒரு நிமிஷம் பழக்கதோஷத்தில் அங்கேயே நின்று சுழன்றது. பிறகு, வழி கேட்டுப் போகிற புது மருமகளைப்போலத் தயங்கித் தயங்கிக் கீழே போயிற்று. சொரிமுத்து அதன்கூடவே கரையில் ஓடினான்.

அதற்கப்புறம் பேச்சுச் சபை கிணற்றுக்குள் கூடியது. தூர்ந்த கிணற்றில் பையன்கள் இறங்கிச் சேறு வாரினார்கள். 'ரயில்வண்டி நல்லதா, மாட்டுவண்டி நல்லதா' என்ற விவாதம் ஒரு நாள் முழுக்கக் கூடைக்கூடையாக மேலே வந்தது. ரயில் கட்சி தளவாய் நியாயத்தில் தோற்று, கோபத்தில் இரண்டு மடங்கு மண் சுமந்தான். பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரை ஏற்றத்தான் அதிக ஆள் தேவைப்பட்டது. தண்ணீர் ஊறியதும் கமலை கட்டி இறைத்தார்கள். ஆனால் மாடு இறைக்கிற தண்ணீர் மடைத் தண்ணீர் ஆகுமா? வடக்கு ஓரத்து வரிசைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. இலை பழுத்து, மரம் ஒன்றொன்றாகச் சாய்ந்தது. சாய்ந்ததை உரித்துத் தண்டாக்கி, பொரியல், கூட்டு, மோர்ப்பச்சடி என்று கோமு சமைத்துப் போட்டாள். மூன்று வேளையும் தண்டு. "பெரியம்மா, எங்க உம்மா என்னைய அடையாளம் கண்டுபிடிக்கமாட்டா. வயித்துல வாழை மொளைச்சிரும்" என்றான் அசன் மைதீன்.

அவன்தான் இன்னொன்றும் கேட்டான். "ஊருணிக்குத் தண்ணி வந்துட்டே. அப்ப ஜமாபந்திக்கு மனு வேண்டாம்தானே?"

'தானே' என்ற சத்தம் கேட்டதும் கோமுவுக்குக் காது விடைத்தது.

"ஏன்லே வேண்டாம்? இப்பத் தண்ணி எதால போகுது? எம் மனசால போகுது. நாளைக்கு வடக்கு வரிசை மாதிரித் தெக்கு வரிசையும் சாய்ஞ்சா எம் மனசு என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. நான் நல்லவளா இருக்கது வரைக்கும்தான் தண்ணின்னா, அது என்னலே தண்ணி? ஊருணிக்கு உண்டுன்னு சர்க்கார் கணக்குல எழுதி வாங்குங்க. நானே நெனைச்சாலும் அடைக்க முடியாதபடிக்கு."

சொரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னலே பாக்க? போய் ஆத்தப் பாத்துக் கத்து."

ஜமாபந்தி தாலுகா கச்சேரி முற்றத்துப் பந்தலில். வண்டிக்காரன் கருத்தையா வண்டியை ஓரத்துப் புளியமரத்தடியில் அவிழ்த்துப் போட்டான். கோமு கூண்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள். பெண்கள் பந்தலுக்குள் போகிற வழக்கமில்லை. ஆனால் பந்தலில் தும்மினால் வண்டியில் கேட்கும். அன்றைக்குத் தும்மல்தான் முதலில் கேட்டது. குதிரையில் துரை வருவார் என்று பையன்கள் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர் ஜலதோஷம் பிடித்த ஒரு டிப்டி கலெக்டர், கும்பகோணம் பக்கத்துக்காரர். கூட்டத்தில் முன்வரிசையில், தன் ஊர்க் காரியமாக வந்த சம்பந்தி கல்லிடைக்குறிச்சிக்காரரும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. கோட்டுப் பைக்குள் கைவிட்டு கைக்குட்டையைத் தேடினார். பாக்குத்தான் வந்தது.

மருதங்குறிச்சி என்று கூப்பிட்டார்கள். சொரிமுத்து போய் நின்றான்.

அதிகாரி மனுவைப் படித்தார். "ஊருணிக்கு இப்போது தண்ணீர் வருகிறதா?"

"வருது எசமான்."

"குடிக்கப் போதுகிறதா?"

"போதுது எசமான்."

"அப்புறம் என்ன? குறை ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?"

வண்டிக்குள் கோமு கூண்டுப் பிரம்பை இறுக்கிப் பிடித்தாள். குழி வெட்டியாகிவிட்டது. பையன் விளிம்பில் நிற்கிறான்.

"ஆ..." என்றது சொரிமுத்தின் வாய். தளவாய் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆ... அப்படி இல்ல எசமான்."

ஆற்றங்கரைப் பழக்கம். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பந்தலில் எல்லாத் தலையும் திரும்பியது.

"எசமான் சொல்லுதது நெசம். தண்ணி வருது. வாற தண்ணிக்கு மனு எதுக்குன்னு தோணத்தான் செய்யும். ஆனா அது மேலவீட்டம்மா மனசால வருது. அவுக தோட்டம் காய, எங்களுக்கு விட்டாவ. அப்படி ஒரு மனசு எல்லாருக்கும் இருக்காது. அவுக பேரனுக்கு இருக்குமோ என்னவோ. எங்க பேரன் போய் ஒருத்தர் வாசல்ல நின்னு கெஞ்சப்படாது எசமான். கோடையில இந்த ஓட்டம் ஊருணிக்கு உண்டுன்னு கணக்குல ஒரு வரி எழுதித் தரணும்."

அதிகாரி மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பையனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"மடைக்குப் பாத்தியதைக்காரர் யார்? ஆட்சேபணை உண்டா?"

பிள்ளை எழுந்தார். எதிரே அதிகாரி, பக்கத்தில் சம்பந்தி. எத்தனையோ பையன்களின் நாக்கைத் திருப்பிவிட்ட வாத்தியாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு மட்டும் அசைந்தது. பந்தல் காத்திருந்தது.

"ஆட்சேபண இல்ல!"

புளியமரத்தடியிலிருந்து வந்தது சத்தம். மருதமரத்து வேரில் உட்கார்ந்து பழகிய அதே அதட்டல். கருத்தையா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"யார் அது?" என்றார் அதிகாரி.

மருதங்குறிச்சிப் பையன்கள் அத்தனை பேரும், அதிகாரிக்கு முதுகைக் காட்டி, வண்டியைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பிவிட்டார்கள்.

"உத்தரவு தொர!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதிகாரியும் கைக்குட்டைக்குள் தும்மினாரோ சிரித்தாரோ, பேனாவைத் தொட்டு எழுதினார். ஒரு வரிதான். கர்ணம் அதை உரக்கப் படித்தபோது சொரிமுத்து இரண்டாம் தடவை படிக்கச் சொன்னான், "எசமான்" என்று சேர்த்து, மரியாதையாகவே.

கூட்டம் கலைகிற நேரத்தில் சம்பந்தி வண்டியருகே வந்து நின்றார். பின்னால் பிள்ளை, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"என்னம்மா இது," என்றார் சம்பந்தி. "மடையில்லாத தோட்டம்னா அது தரிசு தானே?"

கூண்டுச் சீலை கொஞ்சம் விலகியது.

"அப்படி இல்ல அண்ணாச்சி," என்றாள் கோமு. "கெணறு இருக்கு. ஒங்க மருமவ வீட்டு வாழை அதுல நிக்கும், கொஞ்சம் கொறைச்சலா நிக்கும். கல்யாணப் பந்தலுக்குக் குலை கட்டப் போதும்தானே?"

"ஆமாம்மா," என்றார் சம்பந்தி, எதற்கு ஆமா சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள்.

"அப்ப வண்டியில ஏறுங்க. மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. என்ன, வாழைத்தண்டுதான்."